மீந்துபோன பதினோரு முட்டை

பெற்றோர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களில் பாதிப் பேருக்கு என்மேல் கோபம் வந்துவிடும். வரட்டும். போன வருஷம் ஒரு வியாழக்கிழமை மதியம் நம் பள்ளிக்கூட வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என்மேலேயே வந்த கோபம்தான் அது. ஒருத்தியே வைத்துக்கொண்டு என்ன செய்ய? உங்களுக்கும் கொஞ்சம் பங்கு வைக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். மகள் ஏழாவது, மகன் மூன்றாவது, இருவரும் நம் நடுநிலைப் பள்ளியில்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். குழுவில் 24 பேர் என்று பெயர். கூட்டத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் வந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டை ருசி பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் முறை. சாம்பார் சாதம், முட்டை. உப்பும் காரமும் சரியாக இருந்தன. சாம்பாரில் கேரட்டும் கத்தரிக்காயும் கிடந்தன. (எங்கள் வீட்டுச் சாம்பாரில் அந்த வாரம் வெறும் வெங்காயம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.) பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு பார்த்தால் பாத்திரத்தில் முட்டை மீதம். எண்ணினேன். பதினொன்று. ஓடு உரித்து, வெங்காய மசாலாவில் புரட்டியது புரட்டியபடி இருந்தது.

"இது யாருதுங்க்கா?" என்று சத்துணவு அமைப்பாளரிடம் கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டாமலே சொன்னார்: "பேரு குடுத்த புள்ளைகதான். ஊட்ல சாப்புட வேண்டாம்னுட்டாங்களாம். டப்பா கொண்டாந்துருதுங்க."

டப்பா கொண்டுவந்த பிள்ளைகள் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். சும்மா நடப்பதுபோல் போய் எட்டிப் பார்த்தேன். ஒரு டப்பாவில் லெமன் சாதம், தொட்டுக்கொள்ள ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட். ஒன்றில் ஜாம் தடவிய பிரெட் நாலு துண்டு. ஒன்றில் முந்தின நாள் ராத்திரி வாங்கின புரோட்டா, சால்னா இல்லாமல் மேலே சர்க்கரை தூவி. இன்னொன்றில் காலையில் கிண்டின நூடுல்ஸ், ஆறிப்போய்க் கட்டிப் பசைபோல் டப்பாவின் வடிவத்துக்கே வந்திருந்தது. வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகளின் தட்டில் பருப்பு இருந்தது, காய் இருந்தது, முட்டை இருந்தது. மரத்தடியில் இது எதுவும் இல்லை. மரத்தடிப் பிள்ளைகள்தான் கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளைகள்.

நூடுல்ஸ் டப்பா என் மகளுடையது.

அன்றைக்கே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. வீட்டுக்குப் போய், "நாளையிலிருந்து சத்துணவு சாப்பிடு கண்ணு" என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் லைன் வீடுகளில் முதன்முதலில் வாஷிங் மெஷின் வாங்கியது நாங்கள். எங்கள் பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதா? அதெல்லாம் கஷ்டப்படுகிறவர்களுக்கு. இதே வார்த்தையை உங்கள் வாயிலும் நான் கேட்டிருக்கிறேன். "எங்க பையன் சத்துணவெல்லாம் சாப்புட மாட்டானுங்க" என்று சொல்லும்போது நம் குரலில் வருகிற அந்த மிதப்பு இருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

இத்தனைக்கும் நான் அந்தச் சோற்றில் வளர்ந்தவள். என் அப்பா, காமராசர் 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கி ஊர் ஊராகப் பரப்பிய மதிய உணவுக்காகவே பள்ளிக்கூடம் போனவர். ஆடு மேய்க்கப் போக வேண்டியவரை ஐந்தாவது வரை இழுத்து வைத்தது அந்த ஒரு வேளைச் சோறுதான் என்று அவரே சொல்வார். நான் சாப்பிட்டது 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு. 1989-க்குப் பிறகு அதில் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. அந்த நாளில் எங்கள் வகுப்பில் காய்ச்சல் அடித்தாலும் ஒருத்தரும் லீவு போட மாட்டோம். மஞ்சள் கருவைக் கடைசிவரை சாப்பிடாமல் வைத்திருந்து, மணி அடிக்கிற நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டு ஓடுவோம். 2010-லிருந்து வாரத்துக்கு ஐந்து முட்டை. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில், தியாகராயச் செட்டியார் காலத்தில் 1920-ல் பிள்ளைகளுக்குச் சோறு போட ஆரம்பித்த வேலை இது. நூறு வருஷமாக ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டியது. அதில் வளர்ந்து, நாலு காசு பார்த்து, வாஷிங் மெஷின் வாங்கியவுடன் அந்தத் தட்டு நமக்குக் கேவலமாகப் போய்விட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, பிரேயரில் நின்றுகொண்டிருந்த என் மகள் அப்படியே சரிந்து விழுந்தாள். கம்பெனிக்குப் போன் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனால் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.4. அந்த வயதுப் பெண் பிள்ளைக்கு 12-க்குக் குறையக் கூடாது.

"காலையில என்ன சாப்பிட்டா?" என்றார் டாக்டரம்மா. நான் பெருமையாகச் சத்து மாவு பானத்தின் பெயரைச் சொன்னேன். விளம்பரத்தில் பிள்ளைகள் உயரமாக வளர்வார்களே, அதேதான். மூன்று ஸ்பூன் போட்டுப் பாலில் கலக்கிக் கொடுப்பேன், தொட்டுக்கொள்ள இரண்டு பிஸ்கட். "அதுல இரும்புச் சத்தெல்லாம் இருக்குன்னு போட்டிருக்குதுங்களே மேடம்?" அவர் சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போய் டப்பாவத் திருப்பிப் பின்னாடி படிங்க. எது அதிகமோ அதை முதல்ல எழுதணும்னு சட்டம்" என்றார். போய்ப் படித்தேன். முதல் இரண்டு பெயர்களுக்குள் சர்க்கரை வந்துவிட்டது. மாதம் ஒரு டப்பா, ஐந்து வருஷம். பாலில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டுக் காலைச் சாப்பாடு முடிந்தது என்று நான் பஸ் ஏறியிருக்கிறேன். இதுபோன்ற பானங்களைச் 'சத்து பானம்' என்ற வரிசையில் வைத்து விற்காதீர்கள் என்று மத்திய வணிக அமைச்சகமே 2024 ஏப்ரலில் இணையக் கடைகளுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது காரணம்.

அடுத்த கேள்விதான் என்னை உட்கார வைத்தது. "ஸ்கூல்ல வாரா வாரம் நீல மாத்திரை தர்றாங்களே, சாப்பிடறாளா?" மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்த மாத்திரை சூடு, வயிறு வலிக்கும், வெளிக்கி கறுப்பாகப் போகும், வாயில் போட்டுக்கொண்டு டீச்சர் போனதும் துப்பிவிடு என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். கறுப்பாகப் போவது இரும்பின் குணம், அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றில் போட்டால்தான் குமட்டும். அதற்காகத்தான் மதியம் சாப்பிட்ட பிறகு கொடுக்கிறார்கள். டப்பாவில் பாதி நூடுல்ஸ் தின்று, பாதியைக் காக்காய்க்குப் போட்ட பிள்ளைக்குக் குமட்டாமல் என்ன செய்யும்?

அப்புறம் டீ. எங்கள் வீட்டில் தோசைக்கும் டீ, உப்புமாவுக்கும் டீ. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் கீரையிலும் பயிறிலும் இருக்கிற இரும்பை உடம்பு பிடித்துக்கொள்ள விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தாலோ ஒரு நெல்லிக்காய் கடித்தாலோ அதே இரும்பு நன்றாக ஒட்டும். இதற்கெல்லாம் காசு ஆகாது. யாரும் சொல்லித் தராததால் தெரியவில்லை என்று நான் சொல்லலாம். ஆனால் குடற்புழு மாத்திரை தரும் நாளைச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியபோதும், கிராம சுகாதார செவிலியர் வந்து பேசியபோதும், "ஷிப்மெண்ட் இருக்குது" என்று வராமல் போனவள் நான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கேட்கிறேன், அம்மாமார்கள் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். மகள் வயசுக்கு வந்தபோது என்ன செய்தோம்? உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, கருப்பட்டி. பாட்டி சொன்னபடி அத்தனையும் ஊட்டினோம். பதினாறு நாள். அப்புறம் தெரட்டிச் சீர், மண்டபம், பிளெக்ஸ் பேனர், போட்டோக்காரர், தாய்மாமன் தட்டு. சீர் முடிந்த மறுநாளிலிருந்து உளுந்தும் நின்றது, முட்டையும் நின்றது. மாதாமாதம் ரத்தம் போகப்போகிறவள் அவள், அதுவும் இன்னும் முப்பது நாற்பது வருஷத்துக்கு. அவளுக்குப் பதினாறு நாள் கணக்கா? எனக்கும் என் அம்மா அதைத்தான் செய்தாள். நாடு முழுக்க 2016-க்கும் 2018-க்கும் இடையில் பிள்ளைகளின் ஊட்டச்சத்தை அளந்து பார்த்தார்கள். பத்து முதல் பத்தொன்பது வயதில் ரத்தசோகை பெண் பிள்ளைகளில் 40 சதவீதம், ஆண் பிள்ளைகளில் 18 சதவீதம். மாதவிலக்கு ஒரு காரணம். அதை ஈடுகட்டுகிற அளவுக்கு நாம் அவள் தட்டில் வைக்காததுதான் பெரிய காரணம் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். கறிக்கடையில் முதல் ஆளாகப் போய்ச் சுவரொட்டி கேட்டு வாங்குகிறோம். ரத்தம் ஊறும் என்று நம் கிழவிகள் சொன்னது சும்மா இல்லை, மண்ணீரலிலும் ஈரலிலும் இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். அது யார் தட்டுக்குப் போகிறது? குடும்பத் தலைவர் தட்டுக்கு. அடுத்து, "பையன் வளர்ற புள்ள" என்று மகன் தட்டுக்கு. மகள் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாள். அண்ணன்மார்களே, உங்களுக்கு 8.4 என்று எந்த டாக்டராவது சொன்னாரா? சனிக்கிழமை சம்பளக் கவரில் கடைக்குப் போனது எவ்வளவு, வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்ற கணக்குக்குள் நான் போகவில்லை. அந்தச் சுவரொட்டியை மட்டும் மகளுக்கு விட்டுக்கொடுங்கள்.

இனி நம் ஊர் மணிக்கணக்கு. காலை எட்டரைக்குக் கம்பெனி. ஒரு ஷிப்ட் என்றால் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம். ஆனால் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாடகையும் சீட்டும் கட்ட முடியும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். அந்தக் கணக்கில் ஏறாத நேரம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடம் விடும் நாலேகாலிலிருந்து நாம் வந்து சேர்கிற ஒன்பது மணி வரை. பூட்டின வீடு, கழுத்தில் கயிற்றில் கோத்த சாவி, கையில் நாம் காலையில் திணித்துவிட்டுப் போன பத்து ரூபாய். கூட இருக்க முடியாத குற்றத்துக்கு நாம் கட்டுகிற அபராதம் அந்தப் பத்து ரூபாய். அது நேராகப் பெட்டிக்கடைக்குப் போகிறது.

பள்ளிக்கூட வாசலிலிருந்து அந்தக் கடைக்கு என் காலால் அளந்தேன். முப்பத்தெட்டு எட்டு. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டுவிட்டது. கடைக்காரரிடம் சொன்னேன். "நான் விக்கறத நிறுத்தறேனுங்க்கா, நீங்க காசு குடுத்து அனுப்பறத நிறுத்துங்க" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கடை வாசலில் மாலைமாலையாக ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. அதே கடையில் கடலை மிட்டாய் ஜாடியும் இருக்கிறது, பூவன் தார் தொங்குகிறது. அந்த ஜாடி தூசி படிந்து கிடக்கிறது. 2022-23-ல் மத்திய அரசு எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், சாப்பாட்டு வகையில் அதிகப் பணம் போனது அரிசிக்கும் இல்லை, பருப்புக்கும் இல்லை. பானங்களுக்கும் பாக்கெட் தீனிக்கும் கடைச் சாப்பாட்டுக்கும்தான். கிராமத்தில் மாதச் செலவில் 9.62 சதவீதம், நகரத்தில் 10.64. தமிழ்நாடு இதில் முன்வரிசையில் நிற்கிறது.

"நேரம் எங்கடி இருக்குது?" என்று என் ஓரகத்தி கேட்டாள். இருக்கிற நேரத்தில் எங்கள் காம்பவுண்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். ஐந்து வீடு சேர்ந்தோம். கடைசி வீட்டுப் பாட்டிக்கு, எங்கள் பேச்சில் அமுச்சிக்கு, மாதம் ஆளுக்கு இருநூறு ரூபாய். ராத்திரி பயிறு ஊறப்போட்டு வைக்கிறார்: ஒரு நாள் தட்டைப்பயிறு, ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் கொள்ளு. சீசன் என்றால் கடலைக்காய் அவிக்கிறார். நாலரைக்குப் பிள்ளைகள் எட்டுப் பேரும் அவர் திண்ணையில். முதல் இரண்டு வாரம் முகத்தைச் சுளித்தார்கள். அப்புறம் தேங்காய்ச் சில்லும் மாங்காயும் போட்டுத் தாளிக்கிற நாளுக்குச் சண்டை வந்தது. காசைக் காரணம் சொல்லவும் வழியில்லை: துவரம்பருப்பு ரேஷனில் கிலோ 30 ரூபாய். அதை வாங்காமல் விடுகிறவர்களும், ரேஷன் அரிசியைக் கோழிக்குப் போட்டுவிட்டு "நாங்க பொன்னிதான் சாப்புடறது" என்று சொல்கிறவர்களும் நம் தெருவிலேயே உண்டு. 2023-ல் அந்த ரேஷன் அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்த செறிவூட்டிய அரிசியைக் கலந்து தர ஆரம்பித்தார்கள். கோழிக்கு ரத்தசோகை வராது, நிம்மதி.

காலை உணவு விஷயமும் இதேதான். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, அடுத்த வருஷம் ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒன்று முதல் ஐந்து வரை காலையில் சூடாகப் போடுகிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடச் சாம்பார். என் மகனை நான் ஒரு வருஷம் அனுப்பவில்லை. டீயில் வர்க்கியைத் தொட்டுத் தின்றுவிட்டுப் போவான். பதினோரு மணிக்கு அவன் வகுப்பில் தூங்குகிறான் என்று டீச்சர் சொன்னபோது, "ராத்திரி டிவி பாத்திருப்பானுங்க" என்று சமாளித்தேன்.

இதுவரை சொன்னதெல்லாம் அறியாமை, நேரமின்மை, வீண் மிதப்பு. அடுத்து சொல்லப்போவது அப்படி இல்லை. நம் கூட்டத்தில் ஒருத்தர் கேட்ட கேள்வி: "சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. யாருங்க சமைக்கறது?" குரலை இறக்கிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். 2018-ல் நம் திருப்பூர் மாவட்டத்திலேயே, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் திரண்டு நின்றார்கள். வழக்குப் பதிவானது. 2023-ல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுக்கும் அதே எதிர்ப்பு. மாவட்ட ஆட்சியரே போய் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டி வந்தது. கடையில் புரோட்டா போடுகிறவர் யார் என்று கேட்கிறோமா? கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தூக்குகிறவர் யார் என்று பார்க்கிறோமா? பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்தில் மட்டும் நமக்குச் சாதி ஞாபகம் வருகிறது. மரத்தடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேரை வீட்டு மிதப்பு அனுப்பியது, எத்தனை பேரை இந்தக் கேள்வி அனுப்பியது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஏழு வயசுப் பையன் "சாம்பார் எனக்குப் பிடிக்காதுங்க ஆன்ட்டி" என்று சொல்கிறான். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் வெட்கப்பட வேண்டும்.

தனியார் பள்ளிக்கு அனுப்புகிற உறவுக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் நாத்தனார் மகனுக்குப் பத்து வயது. கொழுகொழுவென்று இருக்கிறான் என்று ஊரே கன்னத்தைக் கிள்ளும். கழுத்தைச் சுற்றி மடிப்பில் கறுப்பாக ஒரு பட்டை. அழுக்கு என்று நாத்தனார் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள், பையன் அழ அழ. அது அழுக்கில்லை, பின்னால் சர்க்கரை வியாதி வரலாம் என்று உடம்பு முன்கூட்டிச் சொல்கிற அடையாளம் என்று டாக்டர் சொன்னபோது, "எங்க வீட்ல யாருக்கும் சர்க்கரை இல்லையே" என்றாள். வேன் வாசலுக்கு வருகிறது, வேன் வாசலில் இறக்கிவிடுகிறது, ஆறு மணிக்கு டியூஷன், அதற்கு முன் பப்ஸும் கூல் டிரிங்க்சும். எங்கே ஓடுவான் அவன்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். இரண்டு தொல்லையும் ஒரே தெருவில் இருக்கின்றன, பல சமயம் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடம்பில். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு எடை, மகளுக்கு ரத்தசோகை. இருவரும் ஒரே சட்டியில் இருந்துதான் சாப்பிட்டோம்.

அந்தப் பதினோரு முட்டை என்ன ஆயிற்று என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. அமைப்பாளர் அக்கா, "இன்னும் வேணுங்கற புள்ளைக வாங்க" என்று கூப்பிட்டார். முதலில் ஓடிவந்தது ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் பிள்ளை, இரண்டாவது படிக்கிறாள். நல்ல கொங்குத் தமிழ். "எனக்கு ஒண்ணுங்க்கா" என்று தட்டை நீட்டினாள். அவளுடைய அப்பா எங்கள் கம்பெனியில்தான் அயர்ன் மாஸ்டர். என்னைவிடக் குறைந்த சம்பளம், பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். போன மாதம் உயரமும் எடையும் அளந்தபோது வயதுக்கு ஏற்ற எடையில் இருந்தாள். தினம் இரண்டு வேளை பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறாள், தட்டில் எதையும் மிச்சம் வைப்பதில்லை. அவள் வீட்டில் கௌரவம் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

என் மகள் இப்போது மதியம் பள்ளிக்கூடத்தில்தான் சாப்பிடுகிறாள். முதல் நாள் வரிசையில் நிற்க வெட்கப்பட்டாள், அந்த வெட்கத்தை அவளுக்குக் கொடுத்தது நான் என்பதால் நானும் போய்க் கூட நின்றேன். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தினமும் சாப்பிட்டாள், குடற்புழு மாத்திரையும் போட்டாயிற்று. முருங்கைக்கீரையை மட்டும் நம்பி 8.4 பன்னிரண்டு ஆகிவிடாது, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னதால் நிறுத்தவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தோம். 10.9. இன்னும் பாக்கி இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று மணிக்கு மேலாண்மைக் குழுக் கூட்டம். குழுவில் இல்லாதவர்களும் வரலாம். அரை நாள் லீவு போடுங்கள், அந்தச் சம்பளம் போனால் போகட்டும். அதற்கு முன் ஒரு நாள் மதியம் வந்து, சமைத்தவர் கையால் வாங்கி, உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். கூட்டத்துக்கு நாற்காலி முப்பது போடச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை டீயும் பிஸ்கட்டும் கிடையாது. அமுச்சி சுண்டல் செய்து தருகிறார்.